அக்கா மகனைப் பிடித்துப் போய்விட்டார்கள். கூர்நோக்கு இல்லம், ஜாமீன், நன்னடத்தை அலுவலர் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 காவிரிக்கரையான் | செவ்வாய், காலை 6:10

வணக்கம். என் அக்கா மகனுக்கு 16 வயது முடிந்து ஏழு மாதம். பத்தாவதில் இரண்டு பாடம் போய்விட்டது. அப்புறம் ஒரு டூவீலர் பட்டறையில் வேலைக்கு நின்றான். நேற்று இரவு பத்து மணிக்கு வண்டியோடு பிடித்து ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். திருட்டு வண்டியாம். கூட இருந்த இரண்டு பேரும் பெரிய பையன்கள், ஒருவனுக்கு 22, இன்னொருவனுக்கு 24.

அத்தான் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, ராத்திரி ஷிப்ட். விடியும்வரை ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு சிக்கல்: அவன் ஆதாரில் பிறந்த வருடம் தப்பாக இருக்கிறது, அதன்படி 18 தாண்டிவிட்டது. ஏட்டு, "மூணு பேரையும் ஒண்ணா ரிமாண்டு பண்ணப் போறோம்" என்கிறார். நான் திருப்பூரில் இருக்கிறேன், பஸ் ஏறிவிட்டேன். அதற்குள் என்ன செய்யச் சொல்லலாம்?

#2 நெறியாளர் | காலை 6:32

பையனின் பெயர், பள்ளி, தெரு மூன்றையும் உங்கள் பதிவிலிருந்து நீக்கிவிட்டேன். சிறார் வழக்கில் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியே குற்றம், 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் உண்டு. மற்றவர்களும் ஊர் எது என்று தோண்ட வேண்டாம்.

#3 கருப்புக் கோட்டு | காலை 6:48

முதலில் ஆதாரை விடுங்கள். வயதை எதை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்று 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவில் வரிசை இருக்கிறது. பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லையென்றால் நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. அந்த வரிசையில் ஆதார் கிடையாது. ஆதார் வயதுக்குச் சான்று ஆகாது என்று 2024இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அக்காவை வீட்டுக்குப் போய் பையனின் டி.சி.யோ மார்க் ஷீட்டோ எடுத்து வரச் சொல்லுங்கள். அசலைக் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம், ஜெராக்ஸ் மட்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், உதவி ஆய்வாளருக்கு ஒரு படி கீழே உள்ள நிலைக்குக் குறையாதவர். அவர் யார் என்று பெயர் கேட்டுப் பேசச் சொல்லுங்கள். சிறுவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நாம் ஜே.ஜே. போர்டு என்கிறோமே, அதுதான். இன்று போர்டு உட்காராத நாள் என்றால் தனி உறுப்பினர் ஒருவர் முன்னால் நிறுத்தலாம். மாஜிஸ்திரேட்டிடம் கொண்டு போய்விட்டாலும் பதற வேண்டாம். வயதுக் கேள்வியை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், தீர்ப்புக்கு அப்புறம்கூட.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100க்கு அழையுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழு. சிறாருக்கு இலவசம்.

#4 கறார்பேர்வழி | காலை 7:15

எல்லாரும் பையனைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டீர்கள். வண்டியைப் பறிகொடுத்தவன் எங்கே போவான்? தவணை கட்டிக்கொண்டிருப்பான். 16 வயதில் பூட்டை உடைக்கத் தெரிந்தவனுக்குத் தப்பு எது என்று தெரியாதா?

#5 காவிரிக்கரையான் | காலை 7:20

பூட்டை உடைத்தது அவனா என்று எனக்குத் தெரியாது. ஓட்டிக்கொண்டு வந்தது அவன்தான்.

#6 பழைய நன்னடத்தை | காலை 8:05

கறார் தம்பிக்கு அப்புறம் பதில் சொல்கிறேன். காவிரிக்கரையான், நான் நன்னடத்தை அலுவலராக, அதாவது பையனின் வீட்டுச் சூழலை விசாரித்துப் போர்டுக்கு அறிக்கை கொடுப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவன். இன்று உங்கள் அக்காவை அழுதுகொண்டே போர்டு முன் நிற்க விடாதீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்துவிடுவீர்களா? போர்டு என்பது ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும், அவர்களில் ஒருவராவது பெண். உயரமான மேடை இருக்காது, மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பார்ப்பது ஒன்றுதான்: இவனை வெளியே விட்டால் யார் பொறுப்பு? "நான் தாய்மாமன், நான் பொறுப்பு" என்று ஒருவர் நின்றால் அதற்கு ஒரு கனம் இருக்கிறது.

#7 கருப்புக் கோட்டு | காலை 8:11

ஐயா சொல்வது சரி. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 12ஆம் பிரிவில் ஜாமீன் கொடுப்பதுதான் வழக்கம், மறுப்பது விதிவிலக்கு. தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்று இந்த மூன்றில் ஒன்றைக் காட்டி எழுத்தில் காரணம் சொன்னால்தான் மறுக்கலாம். குற்றம் பெரியது என்பது மட்டும் காரணமாகாது.

#8 காவிரிக்கரையான் | செவ்வாய், இரவு 9:40

எல்லாருக்கும் நன்றி. டி.சி. எடுபட்டது. அவனைத் தனியாகப் பிரித்து மாலை நான்கு மணிக்கு ஓர் உறுப்பினர் முன் நிறுத்தினார்கள். ஜாமீன் இன்று இல்லை. கூட இருந்தவர்கள் இருவரும் அதே தெரு, வெளியே விட்டால் மறுபடி அவர்கள் கும்பலோடுதான் சேருவான் என்று போலீஸ் தரப்பில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை முழு போர்டு உட்காரும்போது பார்க்கலாம் என்று, வழக்கு நடக்கும்போது சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வேனில் ஏறும்போது, "அம்மா, பட்டறை சாவி என் சட்டையில இருக்கு, ஓனர்கிட்ட குடுத்துடு" என்றான். அக்கா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

இல்லம் எப்படி இருக்கும்?

#9 வெளியே வந்தவன் | இரவு 10:30

நான் இருந்திருக்கிறேன் அண்ணே. பதினொரு மாதம். எந்த ஊர் என்று வேண்டாம். அடி விழுமா என்றுதான் கேட்க நினைக்கிறீர்கள், அதனால் நேரே சொல்கிறேன். எனக்கு வார்டன் அடி அதிகம் இல்லை. பழைய பையன்களிடம்தான். புதிதாக வருகிறவன் பாத்ரூம் கழுவ வேண்டும், தட்டில் இருக்கும் முட்டையைக் கொடுத்துவிட வேண்டும். மூன்று நான்கு நாள் தாங்கிவிட்டால் இன்னொரு புதியவன் வந்துவிடுவான்.

பகல் நேரம்தான் கொடுமை. டிவி, கேரம், தூக்கம். டெய்லரிங் மிஷின் மூன்று இருந்தது, அதில் ஒன்று ஓடும். வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு சார் வந்து கணக்கு சொல்லிக் கொடுத்தார். அந்த இரண்டு நாளுக்காக மற்ற ஐந்து நாளை ஓட்டினேன். வண்டி திருடுவதில் எனக்குத் தெரியாத மூன்று முறையை அங்கேதான் கற்றுக்கொண்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மனு பார்க்கும் நாளில், அதாவது வீட்டார் வந்து பார்க்கும் நாளில், அக்காவைத் தவறாமல் போகச் சொல்லுங்கள். ஆள் வருகிற பையனை யாரும் ரொம்பத் தொட மாட்டார்கள்.

#10 எட்டாம் வகுப்பு டீச்சர் | இரவு 10:52

2022 கடைசியில் செங்கல்பட்டில் 17 வயதுப் பையன் ஒருவன் இல்லத்தில் இறந்து, அங்கே வேலை பார்த்தவர்களே கைதானார்களே, அதற்கப்புறம் ஏதாவது மாறியதா?

#11 பழைய நன்னடத்தை | புதன், காலை 5:50

அதற்காக 2023இல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள், அவரும் அறிக்கை கொடுத்தார். இல்லங்களின் நிர்வாகத்தையே தனியாகப் பிரித்து அமைக்க வேண்டும் என்பது அவர் சொன்னவற்றில் முக்கியமானது. எங்கள் துறையில் இருந்த பலரும் பல வருடமாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டதுதான்.

கறார் தம்பிக்கும் பதில் சொல்ல வேண்டும். நான் 1987இல் வேலையில் சேர்ந்தேன். அப்போதுதான் மத்திய அரசின் 1986 சட்டம் நடைமுறைக்கு வந்தது, பையனுக்கு 16, பெண்ணுக்கு 18 என்று வயது வரம்பு. 2000இல் இருவருக்கும் 18 ஆனது. அதற்கெல்லாம் முன்னால் நம் மாநிலத்தில் 1920ஆம் வருடச் சென்னைச் சிறுவர் சட்டம். இந்தியாவிலேயே முதல். வங்காளம் 1922, பம்பாய் 1924 எல்லாம் நமக்கு அப்புறம்தான். சிறுவனைப் பெரியவர்களோடு அடைத்தால் இன்னும் கெட்டுப் போய்த்தான் வருவான் என்பதை வெள்ளைக்காரன் காலத்திலேயே கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கருணையில் செய்தது என்று நினைக்காதீர்கள், செலவு மிச்சம்.

சரி, இப்போது வேலைக்கு ஆகும் விஷயம். பையனைப் போர்டு முன் முதலில் நிறுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை போக வேண்டும். படிவம் 6. நன்னடத்தை அலுவலரோ மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவரோ வீட்டுக்கு வருவார். குடும்பம், வருமானம், படிப்பு, சேர்க்கை, பழக்கம், உடல்நலம், அக்கம்பக்கத்தார் சொன்னது எல்லாம் அதில் உண்டு. நான் போனால் படிவத்தில் இல்லாத ஒரு கேள்வி கேட்பேன்: ராத்திரி பையன் வந்தால் கதவை யார் திறப்பார்கள்? பதில் வந்துவிட்டால் பாதி அறிக்கை முடிந்த மாதிரி.

இதை வீட்டுக்குப் போகாமல் மேஜையிலேயே எழுதிவிடவும் முடியும். "குடும்பச் சூழல் திருப்திகரமாக இல்லை", ஒரே வரி. நானும் ஒரு தடவை எழுதியிருக்கிறேன். மழைக்காலம், கையில் நிறைய கேஸ், அந்தக் கிராமத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டே பஸ். பையனின் அப்பா குடிகாரர் என்று போலீஸ் குறிப்பில் இருந்தது, அதை அப்படியே எடுத்து எழுதினேன். பையன் எட்டு மாதம் உள்ளே இருந்தான். அவனுக்குத் தாய்வழிப் பாட்டி ஒருத்தி, ஓட்டு வீடும் இரண்டு மாடும் வைத்துக்கொண்டு, பக்கத்து ஊரிலேயே இருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கிழவி என்னிடம் வந்து சத்தம்கூடப் போடவில்லை. "என்னைய ஒரு வார்த்தை கேக்கலியே சாமி" என்றாள்.

அதனால் அலுவலர் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே தேடிப் போங்கள், கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கேட்டால் சொல்வார்கள். அக்கா ராத்திரி வேலைக்குப் போனால் வீட்டில் யார் என்பதற்கு ஒரு பதிலோடு போங்கள்.

#12 கறார்பேர்வழி | புதன், மதியம் 1:25

ஐயா, உங்கள் மீது எனக்கு மரியாதை வருகிறது. ஆனாலும் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் என் அம்மா கோயிலுக்குப் போகும்போது செயினை அறுத்தார்கள். கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. பின்னால் உட்கார்ந்து அறுத்தவனுக்கு 17. முன்னால் ஓட்டியவனுக்கு 20. அந்தப் பதினேழுக்காரன் மூன்று வாரத்தில் வெளியே. அவன் வீட்டுக்கு அலுவலர் போய் விசாரித்திருப்பார். எங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள்? கதவை யார் திறக்கிறார்கள் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. அம்மாவால் எழுந்து திறக்க முடியாது.

#13 பழைய நன்னடத்தை | மதியம் 2:40

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை தம்பி. படிவம் 6இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு இடமே கிடையாது. நான் வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு தடவைகூட அப்படி ஒரு வீட்டுக்குப் போகும்படி எனக்கு உத்தரவு வரவில்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்காக மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கு மனுப் போட்டுப் பாருங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

#14 டீக்கடை பெஞ்ச் | மதியம் 3:02

17 வயதில் கொலை, பலாத்காரம் செய்கிறவனும் இப்படித்தான் மூன்று வாரத்தில் வெளியே வருவானா? 2012 டெல்லி பஸ் பலாத்காரக் கேஸில் 17 வயதுக்காரனை மூன்று வருடத்தில் விட்டார்களே.

#15 கருப்புக் கோட்டு | மதியம் 3:30

டெல்லி கேஸ் பழைய சட்டத்தில் நடந்தது. அந்தக் கோபத்தில்தான் 2015 சட்டமே வந்தது. இப்போது 16 முதல் 18 வயதுக்குள் உள்ளவன் கொடிய குற்றத்தில் மாட்டினால், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே 7 வருடமோ மேலோ உள்ள குற்றம், போர்டு 15ஆம் பிரிவில் முதல்நிலை மதிப்பீடு செய்து பெரியவனைப் போல விசாரிக்க அனுப்பலாம்.

நம் பையன் அதில் வர மாட்டான். எஃப்.ஐ.ஆரில் பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 303(2), அதாவது திருட்டு மட்டும் என்றால் உச்சமே 3 வருடம், சிறு குற்றம். விசாரணை 4 மாதத்தில் முடிய வேண்டும், மிஞ்சிப் போனால் இன்னும் 2 மாதம். அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கு தானாகவே முடிந்தது. சிறு குற்றத்தில் சிறுவன் மீது எஃப்.ஐ.ஆர். போடுவதே கிடையாது, இங்கே பெரியவர்கள் கூட இருந்ததால் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று, பெரியவர்கள் அவனை வைத்து வண்டியைக் கடத்தியிருந்தால் 83ஆம் பிரிவில் அவர்கள் மீது தனிக் குற்றம், 7 வருடம் வரை கடுங்காவல். அதை யாரும் போட மாட்டார்கள், உங்கள் வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.

#16 நிலா2003 | வியாழன், காலை 9:10

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்கு 20 வயது, கல்லூரிச் சண்டையில் ஒருவனை அடித்துக் கேஸ் ஆகிவிட்டது. முதல் தடவை. இதெல்லாம் அவனுக்கு ஒத்துவராதா?

#17 பழைய நன்னடத்தை | காலை 9:45

ஜே.ஜே. சட்டம் வராதம்மா. ஆனால் 1958ஆம் வருட நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. (நமக்கு அதற்கு முன்னாலேயே 1936இல் சென்னைச் சட்டம் இருந்தது.) குற்றம் நிரூபணமானாலும் ஜெயிலுக்கு அனுப்பாமல், பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு 3 வருடம் வரை கண்காணிப்பில் விடலாம். 21 வயதுக்குக் கீழே இருந்தால், ஆயுள் தண்டனைக் குற்றம் தவிர மற்றதில், ஏன் இவனை ஜெயிலுக்கு அனுப்புகிறேன் என்று நீதிமன்றம் காரணம் எழுதியாக வேண்டும். 12ஆம் பிரிவுப்படி அந்தத் தண்டனையால் பின்னால் தகுதி இழப்பும் வராது. வக்கீல்கள் பலர் இதைக் கேட்கவே மறந்துவிடுகிறார்கள். நீங்கள் நினைவுபடுத்துங்கள், குற்றப் பிரிவு எது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

#18 காவிரிக்கரையான் | வெள்ளி, மாலை 6:15

ஜாமீன் கிடைத்தது!

போர்டில் இருந்த அம்மா ஒருவர், "ராத்திரி வீட்டில் யார் இருப்பார்கள்?" என்றே கேட்டார். ஐயா, நீங்கள் சொன்னபோது இதென்ன கேள்வி என்று நினைத்தேன். என் மனைவியும் நானும் பேசி முடிவு செய்திருந்தோம், ஆறு மாதம் எங்கள் அம்மா வந்து அக்காவோடு இருப்பார். அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். "நான் இருக்கேங்க, எனக்கு எப்படியும் தூக்கம் வராது" என்றார். மாஜிஸ்திரேட் சிரித்துவிட்டார். நன்னடத்தை அலுவலர் மேற்பார்வையில் விட்டிருக்கிறார்கள், வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

பையன் இளைத்துவிட்டான். ஒன்றும் பேசவில்லை. பட்டறைக்காரர் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாவியை வாங்கிக்கொண்டார்.

#19 வெளியே வந்தவன் | வெள்ளி, இரவு 8:00

சந்தோஷம் அண்ணே. இனிமேல்தான் இருக்கிறது. நான் வெளியே வந்ததும் ஊர்த் திருவிழா, தலைவர் வருகை, எங்காவது வண்டி காணவில்லை என்றால் போதும், ஸ்டேஷனில் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்கள். இரண்டு வருடம் அப்படிப் போனது. ஏசி மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு வேறு ஊருக்கு வந்த பிறகுதான் நின்றது. போன வருடம் துபாய் போகப் பாஸ்போர்ட் போட்டேன், விசாரணைக்கு வந்தவர் பழைய கேஸைக் கேட்பாரோ என்று மூன்று நாள் சாப்பிடவில்லை.

#20 கருப்புக் கோட்டு | இரவு 8:25

கேட்கக் கூடாது தம்பி. முடிந்துபோன சிறார் வழக்கின் விவரத்தை நற்சான்றுக்காகப் போலீஸ் வெளியிடக் கூடாது என்று 74ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 24ஆம் பிரிவுப்படி அந்தக் குற்றத்தால் எந்தத் தகுதிக் குறைவும் கிடையாது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆவணங்களையே அழித்துவிட வேண்டும். வேலை விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் பயந்துபோய் நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள், முதலில் ஒரு வக்கீலைக் கேளுங்கள்.

#21 வெளியே வந்தவன் | இரவு 8:31

இது அப்போதே தெரிந்திருந்தால் மூன்று நாள் சாப்பிட்டிருப்பேன்.

#22 எட்டாம் வகுப்பு டீச்சர் | சனி, காலை 10:05

காவிரிக்கரையான் சார், பையன் சும்மா வீட்டில் இருந்தால் அந்தப் பெரிய பையன்கள் ஜாமீனில் வந்ததும் தேடி வருவார்கள். விட்டுப்போன இரண்டு பாடத்தைத் தனித்தேர்வராக எழுதலாம். அதற்குக் காத்திருக்கவும் வேண்டாம், அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் மாதிரிப் பிரிவுகளுக்கு எட்டாவது தேறியிருந்தால் போதும். கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் உண்டு. பட்டறையில் நின்ற கை, வெல்டிங் சீக்கிரம் வரும்.

அக்கா கணவரை இழந்தவர் என்பதால் மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கும் மனுப் போடுங்கள். 18 வயது முடியும்வரை கிடைக்கும். குடும்ப வருமானம் வருடத்துக்குக் கிராமமென்றால் 72,000, நகரமென்றால் 96,000க்குள் இருக்க வேண்டும். அதே குழந்தைகள் பாதுகாப்பு அலகில்தான் மனு.

என் வகுப்பில் ஒருவன் இப்போது வாரத்துக்கு மூன்று நாள் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை புது போன் வைத்திருந்தான். ஸ்டேஷன் வரை போகாமல் யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் இந்த இழையையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

#23 பழைய நன்னடத்தை | காலை 10:40

குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள் டீச்சர். இல்லையென்றால் குழந்தைகள் நலக் குழுவிடம் சொல்லுங்கள், அது போர்டு இல்லை, வேறு. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை என்று எடுத்துக்கொள்வார்கள், கேஸ் ஆகாது. அதற்கும் முன்னால், நீங்கள் ஒரு தடவை அவன் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்.

#24 காவிரிக்கரையான் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். வெல்டர் பிரிவில் இடம் கிடைத்துவிட்டது. டி.சி.யில் நடத்தைக் கட்டத்தில் பள்ளியில் ஏற்கெனவே "நன்று" என்று எழுதியிருந்தார்கள், அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. 4,000 ரூபாய் மனு போட்டாயிற்று, வருமானச் சான்றுக்காக இழுக்கிறது. அலுவலர் வீட்டுக்கு வந்தார், சின்ன வயதுப் பெண், பஸ்ஸில்தான் வந்தார். அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினார். டீச்சர், உங்கள் மாணவன் என்ன ஆனான்?

பெரியவன்களில் ஒருவன் ஜாமீனில் வந்துவிட்டான். இரண்டு தடவை தெருமுனையில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தானாம். பையன் வெளியே போகவில்லை. ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றான் என்று அம்மா சொன்னார்.

அடுத்த வாய்தா 19ஆம் தேதி.

#25 எட்டாம் வகுப்பு டீச்சர் | ஞாயிறு, மாலை

வீட்டுக்குப் போனேன் சார். அவன் அக்காதான் இருந்தாள். நாளைக்கு மறுபடி போகிறேன்.

#26 கறார்பேர்வழி | ஞாயிறு, இரவு

ஹாரன் அடித்ததை அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், தேதியும் நேரமும் போட்டு. வண்டி நம்பர் தெரிந்தால் அதையும். வாயால் சொன்னது எங்கேயும் நிற்காது, எங்கள் கேஸில் அப்படித்தான் போனது.

அம்மா வழக்கு 23ஆம் தேதிக்குத் தள்ளியிருக்கிறார்கள். இது ஒன்பதாவது தடவை.